குரல் தணியும் தூரம்

பெட்ரோல் நிலையப் பலகையில் ஆதம் என்று இருந்தது.
ஆதாம் என்று வாசித்தான் ரூபன்.
அடுத்த ஊர் ஏவாளா?
அடுத்த ஊர் பஹ்லா என்றேன்.
ஷார்ஜாவுக்கு இன்னும் நானூற்று முப்பது கிலோமீட்டர்.

கேரவன் என்றதும்
எந்த நடிகருடையது என்று கேட்டான் மார்த்தாண்டத்திலிருந்து என் தம்பி.
எகிப்துக்காரர் ஒருவருடையது.
அதன் அடியில் ஒழுகிய குழாய்களையெல்லாம்
மூன்று வெள்ளிக்கிழமைகள் மல்லாந்து கிடந்து மாற்றினான் டென்சிங்.
கூலி வேண்டாம், ஆறு நாள் வண்டி போதும் என்றான்.
சலாலா மலை இறக்கத்தில் உடைந்த அலமாரிக் கொக்கிக்கு
இப்போது என் தலைமுடி ரப்பர்.

சாரலில் நனைந்த துண்டு
தும்ரைத் தாண்டியதும் பத்தே நிமிடத்தில் அப்பளமானது.
அங்கே வாங்கிய தேங்காய்களில் ஒன்று மட்டும்
இருக்கைக்கடியில் தப்பி,
பிரேக் போடும்போதெல்லாம் உருண்டு வந்து
யார் காலையாவது தொட்டுவிட்டுப் போனது.

நான் சொல்ல வந்தது இதில்லை, சத்தத்தைப் பற்றி.

ரோலாவில் எங்கள் வீடு என்பது ஒரு ஹாலில் பாதி.
நடுவே பிளைவுட்.
அந்தப் பக்கம் மேரிசெல்,
இரவெல்லாம் மருத்துவமனையில் நின்றுவிட்டுப்
பகலில் தூங்குகிறவள். நல்லவள்.
நல்லவள் என்பதால்தான்
தலையணைக்குள் சிரிக்கப் பழகினார்கள் பிள்ளைகள்.
குக்கருக்கு இரண்டாவது விசில் கிடையாது.
நானும் டென்சிங்கும் சண்டை போடுவது வாட்ஸ்அப்பில்,
நான் கட்டிலில், அவன் குளியலறையில்.
நீல டிக் விழுந்ததும்
உள்ளே அவன் செருமுவது கேட்கும்.

ஹைமாவுக்கு இப்பால்,
நிழல் என்று சொல்ல எங்கள் வண்டியுடையது மட்டுமே இருந்த இடத்தில்,
டீசல் போடாமல் வந்துவிட்டதைப் பற்றி நான் ஆரம்பித்தேன்.
அவன் பதில் சொன்னான்.
வாயால்.
ஒன்பது வருடமாகக் கேட்காத குரல்.
கொஞ்சம் தடித்திருந்தது, அவனைப் போலவே.
நீதான் பலகையைப் பார்க்கவில்லை,
நீ பார்த்தும் சொல்லவில்லை,
உன் அண்ணன், என் அம்மா,
ஸ்கூல் ஃபீஸுக்கு விற்ற வளையல்,
எல்லாம் வந்தது.
மேல்படுக்கையிலிருந்து தலையை நீட்டினாள் அக்சா.
ரூபன் கைதட்டினான்.
அப்பா இவ்வளவு பெருசா பேசுவாரா என்று
அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு நிறுத்தி, நால்வரும் இறங்கி,
எதற்கென்று இல்லாமல் கத்தினோம்.
அக்சா கத்தியது ஏதோ கெட்ட வார்த்தை.
தமிழில்லை, அரபும் இல்லை.
பிளைவுட் இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கிறது.

ஆதமில், கழிவுத்தொட்டியைக் காலி செய்துவிட்டு
டென்சிங் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான்
எனக்குத் தோன்றியது:
அந்தத் தேங்காயை வீட்டில் எப்படி உடைப்பது?
காற்று நிரப்பும் இடத்தின் சிமெண்ட் விளிம்பில்
ஆளுக்கோர் அடி.
அக்சாவின் அடியில் பிளந்தது,
தண்ணீர் முழுக்க அவள் ஷூவில்.
டயர் பார்த்துக்கொண்டிருந்த பலூச்சிக்காரர்
ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருக்க வேண்டும்,
நெஞ்சில் கை வைத்து நின்றார்.
அவருக்கும் ஒரு சில்லு.

இப்ரிக்குப் பிறகு நான் ஓட்டினேன்,
ஐந்தாவது தேர்வில் கிடைத்த லைசென்ஸ்.
எல்லையில் முத்திரை குத்திக் கொடுத்ததும்
பாட்டின் ஒலியை இரண்டு கோடு குறைத்தான் டென்சிங்.
யாரும் சொல்லவில்லை.
அல் ஐனில் அக்சா ஹெட்போனை மாட்டினாள்.
எகிப்துக்காரர் அழைத்தபோது
வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பேசினான்,
இதோ, இரவுக்குள், ஆமாம், டேங்க் நிறைத்து.
வண்டிக்குள் நாங்கள் நாலு பேர்தான்.

மதாம் ரவுண்டானாவில் வேகம் குறைந்தபோது
பின்னாலிருந்து தவழ்ந்து வந்தான் ரூபன்,
என் காதில் வாய் வைத்து
ரகசியம்போலக் கேட்டான்:
எம்மா, வந்தாச்சா?

இன்னும் இல்ல மக்ளே என்று கத்தினேன்,
மென்றுகொண்டிருந்த தேங்காய்
முன் கண்ணாடியெங்கும் தெறிக்க.